இளையாத்தங்குடியில் ஒரு மதியத் தூக்கம்

பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இரணியூர், இளையாத்தங்குடி, மாத்தூர், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான எங்கள் நகரத்தார் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவிடுவதென்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரமும் போட்டு வைத்திருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து தங்கச்சி வந்து ஒரு நாள் எங்கள் அம்மாவை, ஆத்தாவை, பார்த்துக்கொள்கிறேன் என்றதும் எனக்கு வந்த யோசனை இது. ஒரு நாள் முழுக்கத் தூங்கலாமே என்று தோன்றவில்லை பாருங்கள்.

ஆத்தாவுக்கு 82 வயது. முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து 14 மாதமாகிறது. ராத்திரியில் நாலைந்து தடவை கூப்பிடுவாள். தண்ணீர் வேண்டும், கால் வலிக்கிறது, புரட்டிப் படுக்க வை. சில நேரம் ஒன்றுமே இருக்காது, சும்மா கூப்பிடுவாள். போன வாரம் விடிகாலை மூன்று மணிக்கு நாலாவது தடவையாக எழுந்தபோது, “உனக்கும் ஒரு முடிவு வரமாட்டேங்குதே” என்று சொல்லிவிட்டேன். ஆத்தா ஒன்றும் பேசவில்லை. அடுத்த இரண்டு ராத்திரி என்னைக் கூப்பிடவும் இல்லை. விடிந்து பார்த்தால் விரிப்பு நனைந்து கிடந்தது.

அதைக் கழுவத்தான் ஒன்பது கோயில்.

காலை ஐந்தரைக்குக் கார் வந்தது. ஓட்டி வந்த தம்பி கொட்டாவிக்கு மேல் கொட்டாவி விட்டான். ராத்திரி மதுரை ஏர்போர்ட்டுக்குச் சவாரி போய்விட்டு இரண்டு மணிக்குத்தான் திரும்பினானாம். “முகத்தைக் கழுவிட்டு வாப்பா, நேரமாச்சு” என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

பிள்ளையார்பட்டியில் நல்ல கூட்டம். குடைவரைக்குள் வடக்கு பார்த்து, இரண்டே கையோடு உட்கார்ந்திருக்கும் கற்பக விநாயகரைச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவரைவிடக் கைக்கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தேன். வைரவன்பட்டியில் வளரொளிநாதர், வைரவர் என்று இரண்டு சன்னிதிக்கும் சேர்த்து இருபத்தைந்து நிமிடம். தாளில் டிக் போட்டேன்.

இரணியூரில்தான் கால் நின்றது. இரணியனைக் கொன்ற தோஷம் தீர நரசிம்மர் வந்து சிவனை வணங்கிய தலம் அது. சாமி பெயர் ஆட்கொண்டநாதர், அம்பாள் சிவபுரந்தேவி. இந்தக் கதையைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன், அன்றைக்குத்தான் உறைத்தது. நரசிம்மர் செய்ததில் தப்பு என்ன இருக்கிறது? ஒரு பிள்ளையைக் காப்பாற்ற வந்தார், காப்பாற்றினார். அப்படி நியாயமாக வந்த கோபத்துக்கும் ஒரு மிச்சம் இருந்திருக்கிறது, அதை இறக்கி வைக்க ஓரிடம் வேண்டியிருந்திருக்கிறது. அங்கே அவரை யாரும் ஏன் கோபப்பட்டாய் என்று கேட்டதாகக் கதையில் இல்லை. என் கோபம் அவ்வளவு பெரிய நியாயம் உள்ளதும் அல்ல. தூக்கம் கெட்ட கோபம். சன்னிதியில் நின்று, அந்த ராத்திரி சொன்னதை அப்படியே வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

இளையாத்தங்குடிக்குப் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களில் ஒவ்வொரு குடும்பமும் இந்த ஒன்பதில் ஒரு கோயிலைச் சேர்ந்தது. நான் பிறந்த வீட்டுக்குக் கோயில் மாத்தூர், புகுந்த வீட்டுக்கு இளையாத்தங்குடி. எங்களில் கல்யாணம் என்றால் இரண்டு வீட்டுக் கோயிலிலிருந்தும் மாலை வர வேண்டும். 1989-ல் எனக்கு இங்கிருந்து மாலை வந்தது. 1962-ல் காஞ்சிப் பெரியவர் சதஸ், அதாவது அறிஞர்கள் கூடும் சபை, நடத்திய ஊர் என்பதிலும் என் மாமியாருக்கு அவ்வளவு பெருமை. ‘இளைப்பாற்றுக்குடி’தான் வாயில் தேய்ந்து இளையாத்தங்குடி ஆனது என்று அவர்தான் சொல்வார். சரியா என்று தமிழ் படித்தவர்கள் சொல்லட்டும்.

கைலாசநாதரையும் நித்யகல்யாணியையும் கும்பிட்டுவிட்டு வெளி மண்டபத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம், அப்புறம் மாத்தூர் என்று கணக்கு. கல்லின் குளிர்ச்சி முதுகில் ஏறியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

விழித்தபோது மணி ஒன்றே முக்கால். நடை சாத்தியிருந்தது. தலைக்கடியில் என் பை. நான் வைத்த ஞாபகம் இல்லை. பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள், “அசந்து தூங்குனீக ஆச்சி, எழுப்ப மனசு வரல” என்றார். வெட்கமாக இருந்தது. அதைவிட, உடம்பு லேசாக இருந்தது. வாய் கோணிக் குறட்டைகூட விட்டிருப்பேன். அந்த அம்மாளிடம் கேட்கவில்லை.

வெளியே வந்தால் மரத்தடியில் கார் நான்கு கதவும் திறந்தபடி நிற்கிறது, உள்ளே சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தம்பியும் தூங்குகிறான். கண்ணாடியைத் தட்டக் கை போனது. தட்டவில்லை. பக்கத்துத் திண்டில் உட்கார்ந்து தங்கச்சிக்குப் போன் போட்டேன். ஆத்தா ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்திருக்கிறாளாம். “நீ பதறாம வா” என்றாள்.

சென்னையில் இருக்கும் என் கூடப்பிறந்த தம்பி, ராத்திரிக்கு மட்டும் ஒரு ஆள் போடுவோம், பாதிப் பணம் நான் தருகிறேன் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பெற்ற தாய்க்கு ஆள் போட்டாள் என்ற பேச்சு எனக்கு எதற்கு என்று தட்டிக்கொண்டே வந்தேன். ஆத்தா இரண்டு ராத்திரி ஈர விரிப்பில் கிடந்தது அந்தப் பேர் கெடாமல் இருக்கத்தான் என்று திண்டில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. ‘ஆள் பார்’ என்று வாட்ஸப்பில் அனுப்பினேன். அப்புறம் ‘நல்ல ஆளா’ என்று இன்னொன்று.

முக்கால் மணி நேரம் கழித்துக் கார் ஓட்டி வந்த தம்பி வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தான். “என்ன ஆச்சி, எழுப்பிருக்கலாம்ல? இன்னும் அஞ்சு கோயில் கிடக்கே!”

“கீழச்சிவல்பட்டில டீ எங்கப்பா நல்லாருக்கும்?” என்று கேட்டேன்.