எதற்கும் ஆகாத குப்பை: எங்கே எரிகிறது என்பதுதான் கணக்கு

பழைய இரும்புக் கடைக்காரர் கையில் வாங்கவே மறுக்கும் குப்பை என்று ஒரு வகை உண்டு. சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பார்சல் கவர், லைக்ரா கலந்த கட்டிங் வேஸ்ட், தக்காளிக் காட்டிலிருந்து உருவிய மல்ச்சிங் ஷீட். கோவை மாநகராட்சியின் வெள்ளலூர் குப்பைக் கிடங்கானாலும் சரி, ஊராட்சியின் குப்பைக் கொட்டகையானாலும் சரி, தரம் பிரித்து முடித்த பிறகு மூலையில் தேங்குவது இதுதான். எரித்துக் கரண்ட் எடுத்தால் என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். எரிக்கலாம். ஆனால் எங்கே எரிக்கிறோம், எதற்குப் பதிலாக எரிக்கிறோம் என்பதைப் பார்க்காமல் எரித்தால் கார்பன் குறையாது, கூடும்.

ஒரு கிலோ பாலித்தீன் முழுசாக எரிந்தால் சுமார் 3.1 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அதே பாலித்தீன் மண்ணுக்குள் கிடந்தால் அந்தக் கார்பன் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். (புதைத்தால் போதும் என்று சொல்லவில்லை. கூடவே புதையும் துணியும் அட்டையும் காற்றில்லாமல் மட்கி மீத்தேன் விடும். நூறு வருடக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு சூடேற்றும்.) ஆகவே பிளாஸ்டிக்கை எரித்தால், அந்த வெப்பத்துக்கு ஈடான நிலக்கரி எங்காவது எரியாமல் மிச்சமாக வேண்டும். இல்லையென்றால் லாபமில்லை.

ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு நிலக்கரி 95 கிலோ அளவு கார்பன் டை ஆக்சைடு விடும். பாலித்தீன் வகைக் கலவைக்கு 75 கிலோ என்று வைக்கலாம். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களின் திறன் 20 முதல் 25 சதவீதம்தான். 22 சதவீதம் என்று வைத்தால், பிளாஸ்டிக் மட்டும் எரித்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 1.2 கிலோ ஆகிறது. நம் நாட்டு மின்கட்டமைப்பின் சராசரியே யூனிட்டுக்கு 0.7 கிலோ சொச்சம்தான். பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலை சுற்றிக்கொண்டிருக்க, அதைவிட மோசமான மின்சாரத்தை குப்பையிலிருந்து எடுப்பதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை.

வெப்பத்தை வெப்பமாகவே செலவழிக்கும் இடம் சிமெண்ட் சூளை. மதுக்கரை, சங்ககிரி, கரூர் பக்கம் புலியூர் என்று கொங்கு நாட்டுக்குள்ளேயே சிமெண்ட் ஆலைகள் உண்டு. சூளையின் சுடர் 2000 டிகிரியைத் தொடும், கால்சைனரில் (சூளைக்கு முன்னால் சுண்ணாம்புத் தூளைச் சுடும் பகுதி) 850 முதல் 900 டிகிரி. உள்ளே சுண்ணாம்புத் தூள் நிறைந்திருப்பதால் அமில வாயுவில் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொள்ளும். சாம்பல் கிளிங்கரோடு (சிமெண்டாக அரைக்கும் சுட்ட கட்டி) கலந்துவிடும், தனியாகக் கொண்டுபோய்ப் புதைக்க மிச்சம் இருக்காது.

எரியக்கூடிய இந்தக் குப்பையைப் பிரித்து, காயவைத்து, துண்டாக்கிச் சூளைக்கு அனுப்பும் எரிபொருளுக்குத்தான் ஆர்டிஎப் என்று பெயர். கிலோவுக்கு 3500 கிலோ கலோரி உள்ள ஆர்டிஎப் ஒரு டன் என்றால் 14.6 கிகாஜூல். அதே வெப்பத்துக்கு நிலக்கரி எரித்தால் ஏறக்குறைய 1390 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆர்டிஎப்பின் வெப்பத்தில் பாதி பருத்தித் துணி, அட்டை, மரத்தூளிலிருந்தும் பாதி பிளாஸ்டிக்கிலிருந்தும் வந்தால், கணக்கில் சேரும் புதைபடிவக் கார்பன் டை ஆக்சைடு 550 கிலோ மட்டும் (பருத்தியும் மரமும் காற்றிலிருந்து எடுத்த கார்பன் கணக்கில் சேராது). டன்னுக்கு 800 கிலோவுக்கு மேல் மிச்சம். முழுக்கப் பிளாஸ்டிக் என்றால் மிச்சம் 300 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: சிமெண்ட் உற்பத்தியில் வெளியேறும் கார்பனில் ஏறக்குறைய 60 சதவீதம் சுண்ணாம்புக் கல்லே விடுவது. எரிபொருளை மாற்றினால் அது குறையாது.

எதைச் சூளைக்கு அனுப்பக் கூடாது என்பதும் முக்கியம். பருத்தி கட்டிங் வேஸ்ட் ஓப்பன் எண்ட் மில்லுக்குப் போய் மறுபடி நூலாகும். சொட்டுநீர்க் குழாயை உருக்கி மணியாக்குகிறார்கள். தேங்காய்த் தொட்டிக்குக் கரிச் சூளை இருக்கிறது. இவற்றை ஆர்டிஎப்பில் போடுவது நஷ்டம். நாப்கினும் டயப்பரும் தனி வழியில் போக வேண்டியவை.

இனி ஈரம். காய்ந்த நிலையில் 4500 கிலோ கலோரி உள்ள கலவையில் 40 சதவீதம் ஈரம் இருந்தால் கையில் கிடைப்பது 2470தான். 15 சதவீதத்துக்குக் காயவைத்தால் 3740. இதற்கு இயந்திரம் தேவையில்லை, கூரையும் சிமெண்ட் தளமும் போதும். ஆடிக் காற்றில் சீக்கிரம் காயும், ஆனால் வலை கட்டாவிட்டால் பக்கத்துத் தோப்பெல்லாம் கவர் பறக்கும். ஐப்பசியில் தார்ப்பாய் மட்டும் போட்டுச் சமாளிக்க முடியாது. தரையிலிருந்து ஈரம் ஏறும். சோதிக்க, குவியலில் பல இடங்களில் அள்ளிக் கலந்து ஒரு கிலோ எடுத்து, 105 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை வைத்து எடை போடுங்கள். குறைந்த எடைதான் ஈரம்.

பெரிய எதிரி குளோரின். 2018இல் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் வெளியிட்ட ஆர்டிஎப் வழிகாட்டியில் முதல் தரத்துக்கு 0.5 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 0.7, மூன்றாம் தரத்துக்கு 1 சதவீதம் குளோரின் வரைதான் அனுமதி. கலப்பில்லாத பிவிசியில் எடையில் 57 சதவீதம் குளோரின். நூறு கிலோவில் ஒரே ஒரு கிலோ பிவிசி விழுந்தாலே 0.57 ஆகி முதல் தரம் போய்விடும். சோற்று உப்பும் சாயச் சரக்கின் உப்பும் அதற்கு மேல். சூளையில் இந்தக் குளோரின், காரத்தோடு சேர்ந்து ஆவியாகி மேலேறி, ப்ரீஹீட்டரின் (உள்ளே போகும் தூளை முன்கூட்டிச் சூடாக்கும் கோபுரம்) குளிர்ந்த பகுதியில் படியும். படிந்து படிந்து அதிலுள்ள சைக்ளோன் என்ற கூம்புக் கலன் அடைத்துக்கொண்டால் ஆலையை நிறுத்தி இடித்து எடுக்க வேண்டும். ஒரு தடவை அப்படி ஆனால் அந்த ஆலை அடுத்த லோடை வாசலிலேயே திருப்பும்.

பிவிசி எங்கே ஒளிந்திருக்கிறது? முதலில் பிளக்ஸ் பேனர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் முடிந்ததும் அத்தனையும் குப்பைக்கு வருகிறது. அடுத்து ரெக்சின், ஒயர் தோல், இன்சுலேஷன் டேப், மாத்திரை அட்டை, சில செருப்புகள். சந்தேகமென்றால் செம்புக் கம்பியை இடுக்கியில் பிடித்துச் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு எடுத்து மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பளிச்சென்று பச்சையானால் குளோரின். நகக்கண் அளவு துண்டு போதும். திறந்த வெளியில், காற்று வரும் பக்கம் நின்று செய்ய வேண்டும், புகை கெட்டது.

மண் அடுத்த தொல்லை. மல்ச்சிங் ஷீட்டிலும், பயோமைனிங்கில் தோண்டிய பழைய குப்பையிலும் மண் அப்பிக்கொண்டிருக்கும். ஈரத்தோடு சலித்தால் மண் உதிராது, டிரம்மலின் (சுழலும் உருளைச் சல்லடை) கண்ணும் அடைக்கும். காயவைத்து, டிரம்மலில் சலித்து, காற்றடித்துப் பிரித்து, காந்தத்தில் இரும்பை எடுத்த பிறகே ஷ்ரெடரில் (துண்டாக்கும் இயந்திரம்) விட வேண்டும். முன்னாடியே விட்டால் கல்லும் ஆணியும் பிளேடை முடித்துவிடும். துணி நீளமாகப் போனால் தண்டில் சுற்றிக்கொள்ளும், கையகலத்துக்கு வெட்டிப் போடுவது நல்லது. துண்டின் அளவு கால்சைனருக்கு 50 மில்லிமீட்டர், சூளையின் மெயின் பர்னருக்கு 20க்குள். பெரிய துண்டு எரியாமல் உள்ளே விழுந்தால் கார்பன் மோனாக்சைடு திடீரென்று ஏறும். இஎஸ்பி (மின்சாரத்தால் தூசு பிடிக்கும் கருவி) வைத்த ஆலையில் வெடிக்கும் ஆபத்துக்காக அதன் மின்சாரம் தானே துண்டாகி, அத்தனை தூசும் புகைபோக்கி வழியே வெளியே போகும்.

சாயப்பட்டறை விறகு பாய்லரிலோ வெல்லம் காய்ச்சும் அடுப்பிலோ இதைப் போடலாமா என்றால், கூடவே கூடாது. அங்கே சூடும் சீராக இருக்காது, அமிலத்தைப் பிடிக்கச் சுண்ணாம்பும் கிடையாது. உருகிய பிளாஸ்டிக் தட்டின் இடுக்கை அடைக்கும், ஹைட்ரஜன் குளோரைடு பாய்லர் குழாயை அரிக்கும். புகை 450 டிகிரியிலிருந்து 200க்கு மெதுவாக ஆறும்போது டையாக்சின் உருவாகும். பக்கத்து வீட்டுக் குழந்தை மூச்சில் இழுப்பது அதைத்தான்.

சேமிப்பில் குவியலை உயரமாக ஏற்றாதீர்கள். ஈரமான மட்கும் பொருள் கலந்திருந்தால் உள்ளே தானாகச் சூடேறிப் பற்றும். 2024 ஏப்ரலில் வெள்ளலூர் கிடங்கில் பிடித்த தீயை அணைக்கப் பல நாள் ஆனது. கொட்டகையில் குவியல்களுக்கு இடையே லாரி போக வழி, கம்பி வைத்த வெப்பமானி, பக்கத்திலேயே தண்ணீரும் மண்ணும் இருக்கட்டும்.

ஒப்பந்தம் போடும்போது டன்னுக்கு இவ்வளவு என்று மட்டும் எழுதினால் லாரியில் தண்ணீரும் மண்ணும் ஏறும். லோடுக்கு ஒரு சாம்பிள் எடுத்து ஈரம், சாம்பல், குளோரின், கலோரி நான்கையும் பார்த்து, கலோரிக்கு விலை, குளோரின் வரம்பு மீறினால் லோடு திரும்பும் என்று எழுதுங்கள். சாம்பிளில் பாதியை சீல் வைத்து இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால், தகராறு வந்தால் மூன்றாவது ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.