சாய்கோவ்ஸ்கிக்கு ஒரு தாள், ஜிக்குக்கு வேறு தாள்

மேற்கத்திய வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த வயலின் வாங்கலாம், என்ன சைஸ், எந்த ஸ்ட்ரிங் என்று பெற்றோர்கள் நிறையக் கேட்பார்கள். எந்த நோட்ஸ், அதாவது இசை எழுதிய தாள், வாங்கலாம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தேடினால் முதலில் வருவதை அச்செடுத்துப் பையில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளை ஒரு வருடம் முழுக்க அந்தத் தாளைப் பார்த்துத்தான் விரல் வைக்கப்போகிறது, வில் திருப்பப்போகிறது. அதை எழுதியது யார் என்று பார்க்க வேண்டாமா?

ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் வயலின் கான்செர்ட்டோவை (ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு வயலின் தனித்து வாசிக்கும் பெரிய படைப்பு) எடுத்துக்கொள்ளுங்கள். 1878இல் எழுதி லியோபோல்ட் ஔவர் (Leopold Auer) என்ற வயலின் ஆசிரியருக்குச் சமர்ப்பித்தார். ஔவர் வாசிக்க முன்வரவில்லை. கடைசியில் 1881 டிசம்பரில், வியன்னாவில், அடால்ஃப் பிராட்ஸ்கிதான் முதன்முதலில் அரங்கேற்றினார். பின்னாளில் ஔவரும் மனம் மாறி அதை எடுத்துக்கொண்டார். ஆனால் சோலோ வரிகளில் கைவைத்து, கடைசிப் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் இடங்களை வெட்டிவிட்டார். ஹைஃபெட்ஸ், எல்மன் போன்ற பெரிய வயலின் கலைஞர்களெல்லாம் ஔவருடைய மாணவர்கள். அதனால் அந்த வெட்டு தலைமுறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று பெரும்பாலானவர்கள் வெட்டாமல் வாசிக்கிறார்கள், பழைய அச்சுப் பிரதிகளோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. போன வருடம் ஒரு பெண், "மிஸ், ரெக்கார்டிங்ல வர்ற வரி என் பேப்பர்ல இல்லையே" என்று குழம்பிப்போய் வந்தாள். கண் சிவக்கும் வரை தேடியிருக்கிறாள், பாவம்.

அதனால் ரஷ்யப் படைப்பு என்றால் நான் முதலில் தேடுவது பதிப்பாசிரியர் பெயரை. பெரும்பாலும் முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். பெயர் இருந்தால் அந்த விரல் எண்கள் யாருடைய ரசனை, எந்தக் காலத்து வழக்கம் என்று ஓரளவு புரிந்துவிடும். நூறு வருடத்துக்கு முந்தைய பதிப்பென்றால் ஒரே தந்தியில் மேலே மேலே ஏறி வழுக்கி வாசிக்கச் சொல்லியிருப்பார்கள். அது அன்றைய அழகு. எனக்கு அது பிடிக்கும், ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்க மாட்டேன். பெயரே இல்லாத தாள் என்றால் வேண்டாம் என்றுவிடுவேன்.

கான்செர்ட்டோவுக்கு இன்னும் வயதாகவில்லை என்று தோன்றும் பிள்ளைகளுக்கு அதே 1878இல் சாய்கோவ்ஸ்கி எழுதிய மூன்று துண்டுகளைத் தருகிறேன்: மெடிடேஷன், ஸ்கெர்ட்ஸோ, மெலடி. இதில் மெடிடேஷன் முதலில் கான்செர்ட்டோவின் நடுப்பகுதியாக இருந்தது. அவரே அதை எடுத்துவிட்டு வேறொன்று எழுதினார். ஒரு பெரிய படைப்புக்குள் நுழைய அதன் வாசலில் நின்ற பாட்டைவிட நல்ல வழி ஏது?

ராக்மனினோவின் வோகலைஸில் கவனிக்க வேண்டியது சுருதி. அது சொற்களே இல்லாத பாட்டு, ஒரே உயிரெழுத்தில் பாட வேண்டியது. மூலம் சி ஷார்ப் மைனர், நான்கு ஷார்ப். வயலினுக்கான பல பதிப்புகள் ஈ மைனரில் இருக்கும். அவரே ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதும்போது ஈ மைனரைத்தான் எடுத்தார். வயலினில் ஈ மைனர் நன்றாக ஒலிக்கும், நான் கொடுப்பதும் அதுதான். வயலின் தாளை ஒரு இடத்திலிருந்தும் பியானோ தாளை வேறு இடத்திலிருந்தும் இறக்கினால் மட்டும் மேடை ஒத்திகையில் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டும் ஒரே பதிப்பாக இருக்கட்டும்.

காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஒருவர் இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை. ராக்மனினோவ் 1943இல் போனார், ப்ரோகோஃபியெவ் 1953இல். பழைய பதிப்புகளை இறக்கிக்கொள்ளலாம். ஷோஸ்டகோவிச் 1975. அவருடைய இசையிலிருந்து அடோவ்மியான் தொகுத்த, இரண்டு வயலினும் பியானோவும் வாசிக்கும் ஐந்து துண்டுகள் அக்கா தங்கைகளுக்கு அருமையாகப் பொருந்தும், ஆனால் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாங்குங்கள். அச்சுத் தரம் கண்ணுக்குத் தெரியும், பக்கம் திருப்ப வேண்டிய இடமும் வாசிப்பவரை நினைத்து வைக்கப்பட்டிருக்கும்.

அப்புறம் ஐரிஷ், ஸ்காட்டிஷ் பிடில் பாட்டுகள். இங்கே நான் மேலே சொன்னது ஏறக்குறைய எல்லாமே தலைகீழ். ரஷ்யத் தாளில் குறிகள் யாருடையவை என்று கேட்டேன், இங்கே குறி குறைவாக இருக்கும் தாளைத்தான் தேடுவேன். கெஷ் ஜிக்கை (ஜிக் என்பது ஒரு வேகமான நடன இசை) எடுத்தால் எட்டு பார் (தாளக் கட்டம்), இன்னொரு எட்டு பார், ஒவ்வொன்றும் இரண்டு முறை. அவ்வளவுதான். வில் மேலேயா கீழேயா என்று இருக்காது, எங்கே ரோல் என்ற அலங்காரம் போடுவது என்றும் இருக்காது. கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஸ்வரம் எழுதிய நோட்டில் கமகம் இருக்காது, குரு பாடித்தான் வரும் என்பது அவர்களுக்குப் பழகிய விஷயம். கிரேடு பரீட்சை மட்டும் எழுதி வந்த பிள்ளைகள்தான் தவிக்கிறார்கள்.

இதற்கு நான் நம்பும் புத்தகம் ஃபிரான்சிஸ் ஓ'நீலுடையது. அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பிறந்து சிகாகோவில் போலீஸ் தலைவராக இருந்தவர். அங்கே குடியேறிய ஐரிஷ்காரர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்து 1903இல் 1850 பாட்டுகளை வெளியிட்டார். 1907இல் நடன இசை மட்டும் 1001. எலும்புக்கூடு மாதிரி இருக்கும் பக்கங்கள். அந்தத் தாளை ஸ்டாண்டில் வைப்பதற்கு முன்னால் 1920களில் ஐரிஷ் பிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் நியூயார்க்கில் பதிவு செய்த இசைத்தட்டுகளைக் கேட்கச் சொல்கிறேன். திரும்பத் திரும்ப. இந்தப் பாட்டுகளைத் தொகுத்து வைத்திருக்கும் தி செஷன் இணையதளத்தில் ஒரே பாட்டுக்குப் பல பாடங்கள் இருக்கும், அதில் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த ஸ்வரம் நகராமல் நிற்கிறது, எது ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று தெரிந்துவிடும். சரியான பதிப்பு எது என்று அங்கே கேட்கவே கூடாது.

இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு: ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர். ஸ்காட்லாந்தின் மேடைக் கலைஞர், வில் பிடிப்பதைப் பற்றித் தனிக் கையேடே எழுதியவர். ஸ்ட்ராத்ஸ்பே என்ற ஸ்காட்டிஷ் நடன இசையில் அந்தக் குட்டை ஸ்வரம் வெட்டென்று விழ வேண்டுமானால் அவர் போட்ட வில் குறிகளை அப்படியே வாசிக்க வேண்டும். அவர் எழுதிய 'ஹெக்டர் த ஹீரோ' 1903இல் இறந்த ஹெக்டர் மெக்டொனால்டுக்கான இரங்கல் பாட்டு. அப்போது இலங்கையில் பிரிட்டிஷ் படைத் தளபதியாக இருந்தவர் அவர். மெதுவான பாட்டு, வில்லை நீளமாக இழுக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட எனக்கு வேறு தெரியாது.

இந்த வருட நிகழ்ச்சிக்கு அதையும் வோகலைஸையும் ஒரே பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறேன். ஹெக்டருக்கு ஸ்கின்னரின் பழைய அச்சு. வோகலைஸுக்குக் காசு கொடுத்து வாங்கிய புதுப் பதிப்பு, ஈ மைனர், பியானோ தாளும் அதே புத்தகத்திலிருந்து. கெஷ் ஜிக்குக்குத் தாளே கொடுக்கவில்லை, கேட்டுப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.