ஐ.வி.ஏ. காலத்தில் ஒரு வங்கிக் கணக்கும் ஒரு வாடகை வீடும்

2023 ஓகஸ்ட்டில் என்னிடமிருந்து 357 பவுண் போனது. மேற்கு லண்டனில், ஹேய்ஸ் பக்கம், மாதம் 1,550 பவுணுக்கு இரண்டு அறை வீடு. பிடித்துவைக்க ஒரு வார வாடகை கட்டச் சொன்னார்கள். கூடவே வந்த படிவத்தில், ‘ஐ.வி.ஏ., நீதிமன்றக் கடன் தீர்ப்பு ஏதாவது உண்டா?’ என்று ஒரு கேள்வி. ஐ.வி.ஏ. என்பது கடனைத் தவணையில் கட்ட, கடன் கொடுத்தவர்களோடு சட்டப்படி செய்யும் ஒப்பந்தம். எனக்கு அது இருந்தது. ‘இல்லை’யில் அடையாளம் போட்டேன். மூன்றாம் நாள் ஏஜென்ட் அழைத்தார். கடன் பதிவைப் பார்த்துவிட்டார்கள். வீடும் போனது, காசும் போனது. பொய்த் தகவல் கொடுத்தால் அந்தக் காசை வைத்துக்கொள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. சண்டை பிடிக்கவும் வழியில்லை.

ஏன் பொய் சொன்னேன்? வெட்கம்தான். ஊரில் அப்பாவின் ஒபரேஷனுக்கு அனுப்பியது, கொரோனாவில் வேலை நேரம் குறைந்தது, ஒரு கடன் அட்டையை அடைக்க இன்னொரு அட்டை எடுத்தது என்று 27,000 பவுண் சேர்ந்திருந்தது. 2021 மார்ச்சில் ஐ.வி.ஏ. ஒப்புதலானது. மாதம் 240 பவுண், 60 மாதம். ஒழுங்காகக் கட்டினால் மிச்சம் தள்ளுபடி. வாக்களிக்கும் கடன் கொடுத்தவர்களில், மொத்தக் கடன் தொகையில் 75 சதவீதத்துக்கு உரியவர்கள் சம்மதித்தால் போதும். ஆனால் அரசின் நொடிப்புப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். எங்கள் ஆட்கள் யாராவது என் பெயரைத் தட்டிப் பார்ப்பார்களோ என்று எத்தனை இரவு நித்திரையில்லாமல் கிடந்தேன்! இன்றுவரை ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

வங்கி விஷயத்தில் மட்டும் நேரத்தோடு புத்தி வந்தது. பழைய வங்கியிலேயே எனக்கு 900 பவுண் ஓவர்ட்ராஃப்ட் கடன், அதாவது கணக்கில் இருந்ததற்கு மேல் எடுத்த காசு. சம்பளம் அங்கே விழுந்தால் தங்கள் கடனுக்கு அவர்களே எடுத்துக்கொள்ளலாம், அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. அதனால், ஐ.வி.ஏ.வில் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு சதமும் கடன் இல்லாத இன்னொரு வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளை சாதாரணக் கணக்குக்கு விண்ணப்பம் போட்டாள். ஐந்து நிமிடத்தில் நிராகரிப்பு. தலை குனிந்து வெளியே வந்துவிட்டேன். கடன் ஆலோசகர்தான் தொலைபேசியில் சொன்னார்: “பேசிக் அக்கவுண்ட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.” பெரிய வங்கிகள் கட்டணமில்லாமல் அதைத் தர வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு விதி; கடன் வரலாறு மோசம் என்பதற்காக மறுக்க முடியாது. அடுத்த நாள் அதையே கேட்டேன், கிடைத்தது. அட்டை உண்டு, டிரெக்ட் டெபிட் உண்டு, ஓவர்ட்ராஃப்ட் மட்டும் கிடையாது. எனக்கு அது இல்லாததே நல்லது. கட்டணங்களை ஒவ்வொன்றாக நானே மாற்றினேன். கவுன்சில் வரியை மறந்து, சிவப்பு எழுத்தில் கடிதம் வாங்கியது தனிக்கதை.

சரி, வீட்டுக்கு வருவோம். எங்கள் வீட்டுக்காரர் விற்கப்போவதாகச் சொல்லி இரண்டு மாத அவகாசம் தந்திருந்தார். 357 பவுண் போன பிறகு முறையை மாற்றினேன். வீடு பார்க்கப் போகும் முன்பே தொலைபேசியில், “எனக்கு ஐ.வி.ஏ. இருக்கிறது, வீட்டுக்காரர் சம்மதிப்பாரா?” என்று கேட்டுவிடுவேன். ஒன்பது இடத்தில் முகத்துக்கு நேரே இல்லை என்றார்கள். ஓரிடத்தில் ஆறு மாத வாடகை முன்கூட்டியே கேட்டார்கள். 9,300 பவுண்! அது என்னிடம் இருந்தால் நான் ஏன் ஐ.வி.ஏ. போடுகிறேன்? (2026 மே முதல் இங்கிலாந்தில் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்க முடியாது.)

பத்தாவது ஏஜென்ட் மட்டும், “என்னென்ன காட்டுவீர்கள்?” என்று கேட்டார். இரண்டு வருட வங்கி அறிக்கையில் வாடகை போன வரிகளுக்கெல்லாம் மஞ்சள் பூசிக் கொடுத்தேன். தவணை தவறவில்லை என்று, ஐ.வி.ஏ.வை நடத்தும் மேற்பார்வையாளரிடம் ஒரு கடிதம் வாங்கினேன். மனைவியின் சம்பளத்தையும் சேர்த்தால் எங்கள் ஆண்டு வருமானம் மாத வாடகையின் முப்பது மடங்குக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஆனாலும் பிணை நிற்க ஓர் ஆள் வேண்டும், அவருக்கு முப்பத்தாறு மடங்கு ஆண்டு வருமானம் வேண்டும் என்றார்கள். 55,800 பவுண். எங்கள் சொந்தத்தில் அவ்வளவு உழைப்பது ரயில் ஓட்டும் மச்சான் ஒருவர்தான், மனைவியின் தம்பி.

அவரிடம் சொல்லத்தான் இரண்டு நாள் எடுத்தது. தேத்தண்ணி ஆறும்வரை பேசாமல் இருந்து, கடைசியில் சொன்னேன்.

“இதையோ அத்தான், இரண்டு வருசமா ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?” என்றார். பிறகு படிவத்தைப் பக்கம் பக்கமாக வாசித்தார். நாங்கள் கட்டாவிட்டால் முழு வாடகைக்கும் அவர்தான் பொறுப்பு என்ற வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அவர் அப்படி வாசித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஐந்து வார வைப்புப் பணம் 1,788 பவுண். பழைய வீட்டின் வைப்பு திரும்பி வருவதற்கிடையில், வேலையிடத்தில் மேலதிக நேரம் நின்று சமாளித்தேன். வாடகை 1,300இலிருந்து ஏறியதால் மேற்பார்வையாளருக்கு உடனே எழுதினேன். மாதத் தவணையை 15 சதவீதம் வரை அவரே குறைக்கலாம் என்று எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது. 240 பவுண் 204 ஆனது.

சோபா மட்டும் வாங்க முடியவில்லை. கடையில் 700 பவுண், தவணைக்குத் தருவார்கள். ஆனால் ஐ.வி.ஏ.வின்படி, அனுமதியில்லாமல் 500 பவுணுக்கு மேல் கடன் எடுக்க எனக்குத் தடை. ஒரு மாதம் பாயில் இருந்தோம். அப்புறம் கோயிலில் பழக்கமான அக்கா ஒருவர் வீடு மாறும்போது தன்னுடையதைத் தந்தார். ஒரு கால் கொஞ்சம் ஆடும், கீழே பழைய தொலைபேசிப் புத்தகம் வைத்திருக்கிறோம்.