படத்தைச் சுருக்க மட்டும் நிதி கேட்காதீர்கள்

சூரிய, விண்வெளி இயற்பியலில் மெஷின் லேர்னிங்குக்கு ஏற்ற டேட்டாசெட் தயாரிக்க நிதி கேட்கும் விண்ணப்பங்கள் பல ஒரே மாதிரிதான் தொடங்கும். சூரியனைப் படமெடுக்கும் நாசாவின் எஸ்டிஓ விண்கலம் நாளொன்றுக்குச் சுமார் 1.5 டெராபைட் தரவு அனுப்புகிறது, அதை அப்படியே யாராலும் கையாள முடியாது, நாங்கள் சுருக்கித் தருகிறோம் என்று. அது 2019-லேயே முடிந்த வேலை. அந்த ஆண்டு வெளிவந்த எஸ்டிஓஎம்எல் தொகுப்பில் 4096×4096 பிக்சல் படங்கள் 512×512 ஆக இறக்கப்பட்டன. சூரிய வளிமண்டலத்தைப் படமெடுக்கும் ஏஐஏ கருவியிலிருந்து 6 நிமிடத்துக்கு ஒன்று, காந்தப்புலத்தை அளக்கும் எச்எம்ஐ கருவியிலிருந்து 12 நிமிடத்துக்கு ஒன்று. அதையே திரும்பச் செய்யச் சம்பளம் கேட்டால், இதில் என்ன புதிது என்றுதான் மதிப்பீட்டாளர் முதலில் கேட்பார்.

ஆள்-மாதங்கள் உண்மையில் கரைவது லேபிளில், அதாவது ஒவ்வொரு மாதிரிக்கும் சரியான விடை எது என்று குறிப்பதில். சூரியனில் திடீரென எழும் வெடிப்பான ஃப்ளேரைக் கணிப்பதை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள் 1 முதல் 8 ஆங்ஸ்ட்ராம் வரையிலான அலைநீளத்தில் எக்ஸ்-கதிரை அளக்கிறது. சதுர மீட்டருக்கு பத்தாயிரத்தில் ஒரு வாட்டைத் தொட்டால் அந்த ஃப்ளேர் எக்ஸ்1, உச்ச வகையான எக்ஸின் தொடக்கம்; எம் அதற்கு அடுத்த கீழ் வகை. ஆனால் கோஸ்-8 முதல் 15 வரையிலான கருவிகளின் செயல்பாட்டுத் தரவில், பழைய செயற்கைக்கோள்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக இந்த 1-8 ஆங்ஸ்ட்ராம் அலைவரிசையை 0.7-ஆல் பெருக்கியே வெளியிட்டார்கள். கோஸ்-16 முதல் அந்தக் காரணி கிடையாது. ஆகவே கோஸ்-15 பட்டியலில் எம்7 என்று இருப்பது, உண்மை அளவில் எக்ஸ்1. இரண்டு காலத்தையும் அப்படியே ஒட்டிவிட்டால், லேபிளின் அர்த்தம் நடுவழியில் மாறிவிடும். மாடலுக்கு அது தெரியாது. சுமார் 11 ஆண்டு நீண்ட 24-ஆம் சூரியச் சுழற்சி முழுவதற்கும் அந்தப் பழைய பட்டியலில் எக்ஸ் வகை ஏறக்குறைய 50 தான். இவ்வளவு அரிதான வகையின் எல்லைக்கோடு நகர்ந்தால் மொத்தக் கணக்கும் நகரும்.

அடுத்தது, மாடலைப் பயிற்றுவிக்கும் தரவையும் சோதிக்கும் தரவையும் பிரிப்பது. 12 மணி நேரத் தரவுத் துண்டை (சன்னல்) 1 மணி நேரமாக நகர்த்தி மாதிரிகள் எடுத்தால், அடுத்தடுத்த இரண்டு மாதிரிகளுக்கு 11 மணி நேரம் பொது. ரேண்டமாகப் பிரித்தால் ஒரே சூரியப்புள்ளிக் கூட்டம் இரு பக்கமும் உட்கார்ந்துகொள்ளும். மதிப்பெண் பிரமாதமாக வரும், நாளைய சூரியனில் ஒன்றும் நிற்காது. ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஸ்வான்-எஸ்எஃப் என்ற ஃப்ளேர் கணிப்புத் தொகுப்பு, காலத்தால் ஒன்றையொன்று தொடாத ஐந்து பகுதிகளாக வந்ததற்கு இதுதான் காரணம். பிரிப்பை நீங்களே முடித்து, தொகுப்போடு சேர்த்து வெளியிடுவதாக விண்ணப்பத்தில் எழுதுங்கள். பயனாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் ஆளுக்கொரு பிரிப்பு, யார் முடிவையும் யாரோடும் ஒப்பிட முடியாது.

கருவியின் குணத்துக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். ஏஐஏ-வின் 304 ஆங்ஸ்ட்ராம் அலைவரிசை ஆண்டுக்கு ஆண்டு மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. திருத்தாமல் கொடுத்தால் மாடல் சூரியனைப் படிக்காமல் நாட்காட்டியைப் படிக்கும். ஃப்ளேர் நேரத்தில் கேமரா தானாக எக்ஸ்போஷர் நேரத்தை (ஒளியை வாங்கும் நேரம்) குறைத்துக்கொள்வதால், ஒவ்வொரு படத்தையும் அதன் எக்ஸ்போஷர் நேரத்தால் வகுத்தாக வேண்டும். எஸ்டிஓ பூமியின் சுழற்சியோடு இணைந்த சாய்வான பாதையில் சுற்றுவதால் எச்எம்ஐ-யின் காந்தப்புல அளவில் 12, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் போலி அலை கலந்திருக்கும். இது பலர் கண்ணில் படுவதே இல்லை.

சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்றின் பக்கம் வந்தால், பல விண்கலங்களின் அளவீடுகளைத் தொகுத்த நாசாவின் ஆம்னி தரவு. அங்கே விடுபட்ட இடத்தில் 9999.99, 99999.9 போன்ற எண்கள் நிற்கும். அவற்றை நீக்காமல் சராசரி எடுத்து நார்மலைஸ் செய்தால் (பொது அளவுகோலுக்குக் கொண்டுவந்தால்), உண்மை அளவுகள் எல்லாம் பூஜ்யத்தை ஒட்டி நசுங்கிப்போகும். புவிகாந்தப் புயலின் வலிமையைக் காட்டும், ஜப்பானின் கியோட்டோ மையம் வெளியிடும் டிஎஸ்டி குறியீட்டுக்கு உடனடி, தற்காலிக, இறுதி என்று மூன்று நிலை உண்டு. இறுதி மதிப்பில் பயிற்றுவித்து உடனடி மதிப்பில் ஓட்டுவதாக இருந்தால், எந்த வரிசையில் எந்த நிலை என்று ஒரு தனிப் பத்தி வையுங்கள்.

நாசாவின் நிதி அறிவிப்புகள் ஆண்டுதோறும் ரோசஸ் என்ற தொகுப்பில் வரும்; விண்ணப்பம் என்ஸ்பயர்ஸ் தளம் வழியாக. ஹீலியோபிசிக்ஸ் (சூரிய, விண்வெளி இயற்பியல்) பிரிவில் எந்தெந்த உட்பிரிவு அந்த ஆண்டு திறந்திருக்கிறது என்பதை மூல அறிவிப்பிலேயே பாருங்கள், மாறிக்கொண்டிருக்கும். திறந்த அறிவியல், தரவு மேலாண்மைத் திட்டத்தைக் கடைசி நாளில் ஒட்டும் தாளாக நினைக்காதீர்கள். டேட்டாசெட் விண்ணப்பத்தில் அதுவே பாதி விண்ணப்பம். எந்தக் கோப்பு வடிவம், எந்த உரிமம், பதிப்பு எண் எப்படி ஏறும், நிதி முடிந்த பிறகு எங்கே இருக்கும் எல்லாம் அதில் வர வேண்டும். பிரதி எங்கே என்பதும்தான். 2024 நவம்பரில் ஸ்டான்ஃபோர்டில் குளிர்நீர்க் குழாய் உடைந்து எஸ்டிஓ தரவு மையத்துக்குள் தண்ணீர் புகுந்தபோது, ஒரே மூலத்தை நம்பியிருந்தவர்கள் காத்துக்கிடக்க வேண்டியதாயிற்று.

பட்ஜெட்டில் கம்ப்யூட்டர் செலவை விட, லேபிளைச் சரிபார்க்கும் சூரிய இயற்பியலாளரின் சம்பளத்துக்கு அதிகம் வையுங்கள் என்பது என் கட்சி. மூன்றாம் ஆண்டில் பிழைத்திருத்தப் பதிப்பு ஒன்றுக்கும் ஆள் வேண்டும். பிழை வராத தொகுப்பு யாரும் பயன்படுத்தாத தொகுப்பு மட்டுமே.

இந்தியாவிலிருந்து சேர்பவர்களுக்கு ஒரு விஷயம்: அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு நாசா பணம் தருவதில்லை. கூட்டு ஆய்வாளராகச் சேரலாம், உங்கள் பங்குக்கான செலவு உங்கள் ஊர் நிதியிலிருந்து வர வேண்டும். ஆதித்யா-எல்1 தரவு இஸ்ரோவின் பிரதான் தரவுத் தளத்தில் வருகிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் கால்சியம் கே என்ற குறிப்பிட்ட அலைநீள ஒளியில் எடுத்த சூரியப் படத் தட்டுகள் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. அவற்றை எடுப்பவர்கள் படத்தின் சுழற்சிக் கோணத்தையும் நேரக் குறிப்பையும் சரிபார்க்கவே முதல் ஆறு மாதத்தை எழுதி வைப்பது நல்லது.