மூங்கில் குருத்தும் கோபுரக் கரையும்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பூட்டிக் வைத்திருக்கும் அக்கா ஒருவர், டத்தாரான் மெர்டேக்கா பக்கத்துத் தேசிய ஜவுளி அருங்காட்சியகத்தின் சொங்கேட் துணிகளை (தங்க இழை கோத்து நெய்யும் மலாய்த் துணி) மனத்தில் வைத்துச் சேலை ரவிக்கை தைத்திருக்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

சொங்கேட் சாரோங்கின் நடுப்பட்டையில் எதிரெதிராக நிற்கும் கூர்முக்கோணங்கள்தாம் புச்சுக் ரெபுங், மூங்கில் குருத்து வடிவம். நம் காஞ்சிபுரம் சேலையின் கோபுரக் கரையும் முக்கோண வரிசைதானே! அக்கா அந்தக் குருத்துகளை ரவிக்கைக் கையின் விளிம்பில் ஜரிகை எம்ப்ராய்டரியாகப் போட்டு, கோபுரக் கரைச் சேலையோடு சேர்த்திருக்கிறார். அப்படிப் பொருந்துகிறது. முதுகுப் பக்கத்தை வெறுமையாக விட்டது இன்னும் நல்ல முடிவு.

பூட்டிக் நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கிளந்தான், திரங்கானு மாநில நெசவாளர்கள் தங்க இழையைக் கையால் கோத்துக் கோத்துப் பொறுமையாக நெய்வது சொங்கேட். 2021-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த கலை. அதன் வடிவத்தை பாலியஸ்டரில் அச்சடித்து, சொங்கேட் என்று சொல்லி விற்காதீர்கள். அச்சு என்றால் அச்சு, எம்ப்ராய்டரி என்றால் எம்ப்ராய்டரி என்று சீட்டில் போடுங்கள். அக்கா போட்டிருக்கிறார், வடிவத்தின் பெயரோடு.

அப்புறம், தீபாவளிக்கு அரக்கு நிறத்தில் ஒன்று சொல்லிவைத்துவிட்டேன்.