எதிர்பார்க்கப்படும் விடை

பி.எட். சேர்ந்தவுடன் முதலில் கைவருவது ஸ்கேல் பிடித்துக் கோடு போடுவதுதான். பாடத்திட்ட நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் கட்டம். ஆசிரியர் என்ன செய்வார் என்பதற்கு ஒரு கட்டம், மாணவர் என்ன செய்வார் என்பதற்கு ஒரு கட்டம், மதிப்பீட்டுக்கு ஒன்று. முதல் கட்டம் பிரச்சினையில்லை, அது நாம்தான். இரண்டாவதில், நாளைக் காலை பத்தரை மணிக்கு ஏழாம் வகுப்புப் பையன் என்ன பதில் சொல்வான் என்பதை முந்தின ராத்திரியே எழுதி வைத்துவிட வேண்டும். அதற்கு 'எதிர்பார்க்கப்படும் விடை' என்று பெயர். வைத்தீஸ்வரன்கோயிலில் ஓலைச்சுவடி படிக்கிறவர்கூட கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டுதான் பலன் சொல்வார். நமக்கு அதுவும் கிடையாது.

இதன் மூலவர் ஹெர்பார்ட் என்ற ஜெர்மன்காரர். 1841-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வழி வந்தவர்கள் பாடம் நடத்துவதை ஐந்து படியாகப் பிரித்துக் கட்டிவைத்தார்கள். அந்தப் படியில்தான் இன்றைக்கும் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து பி.எட். மாணவர்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம். ஹெர்பார்ட் ஊர்ப் பிள்ளைகள் எதிர்பார்த்த விடையையே சொல்லுகிற பிள்ளைகளாக இருந்திருக்க வேண்டும்.

நான் எம்.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு வந்தவன். கடைசியாகப் படித்தது டோபாலஜி. அதில் பிடி வைத்த காபி கப்பும் மெதுவடையும் ஒன்று என்று பக்கம் பக்கமாக நிரூபிப்போம். அந்தப் பெருமையெல்லாம் கல்லூரி வாசலோடு சரி. உள்ளே போனதும், 'கரும்பலகையில் எழுதும்போது எழுத்து எத்தனை சென்டிமீட்டர் உயரம்?' என்றுதான் கேட்டார்கள். அண்ணன் காலத்தில் பி.எட். ஒரு வருஷம். 2015-லிருந்து இரண்டு வருஷம். 'அப்படி என்னதான்டா ரெண்டு வருஷம் சொல்லித் தர்றாங்க?' என்று வீட்டில் கேட்டபோது, கோடு போடுவதைச் சொல்லவில்லை.

முதல் வருஷத்துக் கூத்து நுண்ணிலைக் கற்பித்தல். 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த முறை. ஒரு சமயத்தில் ஒரே ஒரு திறன்தான். நம் நாட்டுக் கணக்குப்படி ஆறு நிமிஷம் நடத்த வேண்டும், ஆறு நிமிஷம் குறை கேட்க வேண்டும், பன்னிரண்டு நிமிஷம் திருத்தி எழுத வேண்டும், மறுபடி ஆறு நிமிஷம் நடத்தி, மறுபடி ஆறு நிமிஷம் குறை கேட்க வேண்டும். மொத்தம் 36 நிமிஷம். மாணவர்களுக்கு எங்கே போவது? கூடப் படிக்கிறவர்கள்தான் மாணவர்கள்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா. அவர் மகனே நிஜமாக ஏழாம் வகுப்பு. காலையில் அவனுக்கு டிபன் கட்டி அனுப்பிவிட்டு வந்து, இங்கே அவரே ஏழாம் வகுப்பாகி, கை கட்டி எழுந்து 'செவ்வகம் சார்' என்பார். நான் உடனே 'மிக நன்று' என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு வலுவூட்டல் திறன். எத்தனை 'நன்று', எத்தனை 'மிக நன்று', எத்தனை தலையாட்டல் என்று பின்னால் ஒருவர் கோடு கிழித்து எண்ணுவார்.

குழுவில் இன்னொரு அண்ணன் இருந்தார். மன்னார்குடிக்காரர், நாடகப் பித்து. மாணவனாக நடிக்கச் சொன்னால் நிஜமாகவே இறங்கிவிடுவார். பக்கத்தில் இருக்கிறவர் பேனாவைப் பிடுங்குவார், 'சார் ஒண்ணுக்கு' என்று விரலை நீட்டுவார். ஒரு நாள் பேராசிரியர் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார். 'இன்னைக்கு வலுவூட்டல்தான் போட்டிருக்கு. வகுப்பறை மேலாண்மை அடுத்த வாரம். சேட்டையெல்லாம் அப்ப வச்சுக்குங்க' என்றார். அண்ணனும் ஒழுங்காக உட்கார்ந்து, அடுத்த வாரம் சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் சேட்டை செய்தார்.

இரண்டாம் வருஷம் நிஜப் பள்ளிக்கூடம். பதினாறு வாரம். எனக்குக் கிடைத்தது நீடாமங்கலம் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்து அரசுப் பள்ளி. வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்கு அந்தப் பக்கம். போய்ச் சேருவதே ஒரு பாடம். நீடாமங்கலம் ரயில்வே கேட் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். கேட் போட்டால் பஸ்ஸை அணைத்துவிட்டு டிரைவர் இறங்கி டீ சாப்பிடப் போய்விடுவார். நல்லதும் உண்டு. 'ஏன் லேட்?' என்ற கேள்விக்கு 'கேட் சார்' என்றால் அந்தப் பக்கத்தில் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்பதில்லை.

கல்லூரியில் எங்களுக்கு யூனிபாரம் கொடுத்திருந்தார்கள். வெளிர் நீலச் சட்டை, கருநீலப் பேன்ட், டக்-இன், தோளில் கறுப்புப் பை, கழுத்தில் அடையாள அட்டை. இந்தக் கோலத்தில் நாலு பேர் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் நடந்தால், கடைசி வீடு வரைக்கும் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். முதலில் புரியவில்லை. அப்புறம் டீக்கடையில் ஒரு ஆயா பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டது: 'தம்பி, எங்க குழுவுக்கு செவ்வாக்கிழமைதானே டியூ? இன்னைக்கே வந்துட்டீங்களே?' மகளிர் குழு லோன் வசூலுக்கு வருகிற பையன்களும் அச்சு அசல் இதே உடுப்புதான். 'ஆயா, நாங்க வாத்தியாரு ட்ரெயினிங்' என்றதும் ஆயா முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, என் சர்டிபிகேட் எதைப் பார்த்தும் யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அன்றைக்கு டீக்குக் காசும் அதுதான் கொடுத்தது.

பள்ளியில் என் வழிகாட்டி ஆசிரியர் நல்ல மனுஷர். முதல் நாளே 'இஞ்ச வாங்க தம்பி, உங்களுக்கு போன்ல எல்லாம் தெரியுமா?' என்று கேட்டார். தெரியும் என்றேன். அதோடு எமிஸ் என் தலையில் வந்தது. பிள்ளைகளின் வருகை, விவரம், உயரம், எடை என்று பள்ளிக்கூடத்தில் அசைகிறதெல்லாம் அந்த இணையதளத்தில் ஏற வேண்டும். சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரம். அங்கே நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன். சத்துணவு அக்கா 'சார், முட்டை உரிக்கிறீங்களா, சும்மாதானே நிக்கிறீங்க?' என்பார். உரிப்பேன்.

இதற்கு நடுவில் பாடமும் நடத்தினேன். கல்லூரியிலிருந்து பேராசிரியை ஒருவர் பார்வையிட வந்த அன்றைக்கு ஏழாம் வகுப்பு, அளவைகள், சரிவகம். தெர்மாகோலில் சரிவகம் வெட்டி, விளிம்புக்கு ஜிகினா ஒட்டி, சார்ட் எழுதி எல்லாம் தயார். பேராசிரியை அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் நோட்டைப் பிரித்தார்.

ஆர்வமூட்டல். நோட்டில் இருந்தபடி கேட்டேன்: 'நம் ஊர் வயல்கள் என்ன வடிவத்தில் இருக்கும்?'

எதிர்பார்க்கப்படும் விடை: 'செவ்வக வடிவம்.'

மூன்றாவது பெஞ்சில் எப்போதும் தூங்குகிற பையன் அன்றைக்குப் பார்த்து எழுந்தான். 'எந்த வயலு சார்?'

'எந்த வயலா இருந்தாலும்.'

'எங்க வயலு அப்படி இருக்காது சார். ஒரு பக்கம் வாய்க்கா வளைஞ்சு போவும். இன்னொரு பக்கம் பெரியப்பா வருஷா வருஷம் வரப்பை வெட்டி வெட்டி உள்ள வந்துட்டாரு.'

'ஆமா சார், கேஸு நடக்குது' என்றது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்.

அம்மா நோட்டில் விரலை வைத்துத் தேடினார். பெரியப்பா அதில் இல்லை.

சரி என்று சரிவகத்துக்கு வந்துவிட்டேன். இணைப்பக்கங்கள் 12 மீட்டர், 8 மீட்டர், உயரம் 20 மீட்டர். கூட்டி, உயரத்தால் பெருக்கி, பாதியாக்கினால் 200 சதுர மீட்டர். பிள்ளைகள் சரியாகவே போட்டார்கள். 'மிக நன்று' என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்தான், ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை.

'அது எத்தனை மா சார்?'

டெல்டாவில் நிலத்தை ஹெக்டேரில் பேசுவது அரசாங்கம் மட்டும்தான். ஊர்க் கணக்கு குழி, மா, வேலி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. நடவுக்குக் கூலி பேசுவதும் மாக்கணக்கில்தான். இந்தப் பக்கத்தில் ஒரு குழி பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 144 சதுர அடி. ஒரு மா கிட்டத்தட்ட 33 சென்ட். என் 200 சதுர மீட்டரைச் சதுர அடியாக்கி வகுத்தால் பதினைந்து குழி வருகிறது. நான் பலகையில் வகுத்து முடிப்பதற்குள் தூங்குமூஞ்சி சொல்லிவிட்டான்: 'பதினஞ்சு குழிதான் சார். நாத்தங்கால் போடலாம், வேற ஒண்ணும் ஆவாது.'

கடைசி பெஞ்சில் அம்மாவுக்கும் ஆவல் வந்துவிட்டது. 'அப்ப ஒரு ஹெக்டேருக்கு எத்தனை மா, சொல்லுங்க பார்ப்போம்?' என்று அவரே கேட்டார். ஒரே கூச்சல், பெருக்கல், வகுத்தல். விடை கிட்டத்தட்ட ஏழரை. 'ஏழரை!' என்று வகுப்பு முழுக்கக் கத்த, ஒருவன் 'திருநள்ளாறு போவணும் சார்' என்றான். அதற்கு அம்மாதான் முதலில் சிரித்தார். அப்புறம் 'எங்க ஊர்ல குழிக்குக் கோல் அளவே வேறடா' என்று அவர் ஆரம்பிக்க, 'அதெப்படி டீச்சர் வேறயா இருக்கும்?' என்று பையன்கள் மல்லுக்கு நிற்க, மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. குழி ஊருக்கு ஊர் மாறும் என்பது உண்மைதான். அதை ஏழாம் வகுப்பை ஒத்துக்கொள்ள வைக்கத்தான் அம்மாவால் முடியவில்லை.

போகும்போது நோட்டில் எழுதிவிட்டுப் போனார்: 'மாணவர் பங்கேற்பு மிக நன்று. எதிர்பார்க்கப்படும் விடைகளைத் திருத்தி எழுதவும்.'

ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன். ரெக்கார்டில் பேச்சுத்தமிழ் கூடாது. ஆகவே மாணவர் செயல்பாடு கட்டத்தில் இப்படி இருக்கிறது: 'என் பெரிய தந்தையார் ஆண்டுதோறும் வரப்பினை வெட்டியுள்ளார்.'

அடுத்தது தனியாள் ஆய்வு, அதாவது கேஸ் ஸ்டடி. ஏதாவது சிக்கல் உள்ள ஒரு மாணவனைத் தேர்ந்தெடுத்து, குடும்பச் சூழல், உடல்நலம், படிப்பு எல்லாம் விசாரித்துக் காரணம் கண்டுபிடித்து, பரிந்துரை எழுதி, கையெழுத்தும் சீலும் வாங்க வேண்டும். நான் தேடவே வேண்டியதில்லை. பதினைந்து குழியை மனக்கணக்கில் போடுகிறவன் தினமும் முதல் பீரியடில் ஏன் தூங்குகிறான்? கேஸ் ஸ்டடிக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது. அவனிடமும் சொன்னேன். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை பிரேயர் முடிவதற்குள் அவன் அம்மா அழுதுகொண்டே பள்ளிக்குள் வந்துவிட்டது. பின்னால் தாத்தா, துண்டை இடுப்பில் கட்டியபடி. அவருக்குப் பின்னால் வார்டு மெம்பர். 'ஏற்கனவே வரப்புக் கேஸு ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு. இப்ப புள்ள மேல வேற கேஸு எழுதுறீங்களாமே, அப்படி என்ன சார் பண்ணிட்டான்?' ஹெச்.எம். என்னைப் பார்த்தார், நான் வழிகாட்டியைப் பார்த்தேன், அவர் வேப்பமரத்தைப் பார்த்தார். விளக்கி முடிப்பதற்குள் இரண்டாவது பீரியட் வந்துவிட்டது. பையன் மட்டும் தூரத்தில் நின்று, தன்னை வைத்து இவ்வளவு பெரிய கூட்டம் நடக்கிற பெருமையில் இருந்தான்.

விஷயம் புரிந்ததும் தாத்தா பெஞ்சில் உட்கார்ந்து, படிவத்தில் இருந்த எல்லாக் கேள்விக்கும் பேரனைப் பேசவிடாமல் தானே பதில் சொன்னார். தூக்கத்துக்குக் காரணமும் அவரே சொன்னார். மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். திறந்தாலும் கடைமடைக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் வரும். இவர்கள் முறை ராத்திரியில். 'எனக்குக் கண்ணு சரியாத் தெரியல தம்பி. மடை தொறக்கப் போறப்ப டார்ச் அடிக்க இவந்தான். செத்த அசந்தா இவன் பெரியப்பன் தண்ணிய அந்தப் பக்கம் திருப்பிடுவான்.'

இதற்கு உளவியலில் என்ன பரிந்துரை எழுதுவது? பாவ்லோவின் நாய், தார்ன்டைக்கின் பூனை, கோலரின் சிம்பன்சி என்று படித்த மிருகங்கள் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் முறைத் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதினேன்: 'பாசன நீர் பகலில் கிடைத்தால் மாணவனின் கற்றல் மேம்படும்.' வழிகாட்டி படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். ஹெச்.எம். சீல் வைத்தார்.

வார கடைசியில் தாத்தா மறுபடி வந்தார். பேரன் சொல்லியிருக்கிறான் போல. 'தம்பி, தண்ணி பகல்ல வேணும்னு எழுதி, சீலெல்லாம் வச்சிருக்கீங்களாமே? ஒரு ஜெராக்ஸ் குடுங்க. கலெக்டர் ஆபீஸ்ல விவசாயிங்க குறைதீர் கூட்டம் வருது, மனுவோட சேர்த்துக் குடுத்துடுறேன்.'

தர முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை, எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் பக்கத்தை நிதானமாகப் பார்த்தார்.

'என்ன தம்பி, மாணவன் அ-ன்னு போட்டிருக்கு? பேரு, ஊரு, சர்வே நம்பர் எதையும் காணோமே?'

'அதெல்லாம் போடக் கூடாதுங்க தாத்தா. தனியாள் ஆய்வுல ரகசியம் காக்கணும்.'

தாத்தா காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

'ரகசியமாக் கேட்டா எவன் தம்பி தண்ணி விடுவான்?'