ஆண்டெனா போட்டேன், தெருவே பயந்தது

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக ரேடியோ அலைகளில் மற்றவர்களோடு பேசுவது) தேர்வுக்குப் படித்ததைவிட, ஆண்டெனா போட்ட பிறகு அக்கம்பக்கத்தாருக்குப் பதில் சொல்வதற்காகத்தான் நான் அதிகம் படித்தேன். இதே எதிர்ப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

நான் போட்டது 14 மெகாஹெர்ட்ஸ் டைபோல் (நடுவில் கேபிள் சேரும் கம்பி ஆண்டெனா), மொத்தமே 10 மீட்டர் கம்பி, கூடவே 100 வாட் டிரான்ஸ்சீவர் (அலையை அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவி). கம்பி மேலே ஏறியதுமே பேச்சு கிளம்பிவிட்டது. செல்போன் டவர் என்றார்கள், குழந்தைகள் இருக்கிற இடம், கேன்சர் வரும் என்றார்கள், பக்கத்து வீட்டுப் பெரியவர் தனக்குத் தலைவலியும் தூக்கமின்மையும் இதற்குப் பிறகுதான் வந்தது என்றார், குடியிருப்போர் சங்கத்துக்கு எழுத்திலேயே புகார் போனது. லைசென்ஸைக் காட்டினால் வாயை மூடிக்கொள்வார்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இது ஆபத்தா என்று கேட்கிறவரிடம் எனக்கு அனுமதி இருக்கிறது என்று சொன்னால் அது பதிலே ஆகாது.

திருப்பம் எதிர்வீட்டு அம்மாவிடமிருந்து வந்தது. "தம்பி, நீங்க பேசுறப்ப எங்க கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்ல கரகரன்னு ஏதோ கேக்குது. ஸ்பீக்கருக்குள்ள வர்றது எங்க உடம்புக்குள்ள மட்டும் வராதா?" எவ்வளவு நியாயமான கேள்வி! தெருவில் இருந்த பயம் முழுக்க இந்த ஒரு கேள்விக்குள் இருந்தது என்றே நினைக்கிறேன். ஸ்பீக்கர் கரகரத்துக்கொண்டிருக்கும்வரை எந்த அறிவியலைச் சொன்னாலும் எடுபடாது.

அதனால் முதலில் ஸ்பீக்கரைப் பார்த்தேன். நடப்பது இதுதான்: ஸ்பீக்கரின் நீளமான ஒயர் தானே ஒரு ஆண்டெனாவாகி என் அலையை வாங்கிக்கொள்கிறது, உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் அதை ஒலியாக மாற்றிப் பலமடங்கு பெருக்கிவிடுகிறது. மிகச் சின்ன மின்னழுத்தமே இதற்குப் போதும். அந்த ஒயரை, ரேடியோ அலை உள்ளே போவதைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையத்தில் பல சுற்று சுற்றினேன். என் பக்கம், டைபோலும் கேபிளும் சேரும் இடத்தில் ஒரு சோக் போட்டேன். கேபிளின் வெளிப்புறமாகவே மின்னோட்டம் திரும்பி ஓடிவந்து வீட்டு ஒயர்களில் ஏறுவதை அது தடுக்கும். (புதிதாக ஆண்டெனா போடுகிறவர்கள் புகார் வரும்வரை காத்திருக்காமல் இதை முதலிலேயே போட்டுவிடுங்கள்.) அப்புறம் அந்த அம்மாவை ஸ்பீக்கர் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, போனில் பேசிக்கொண்டே முழு சக்தியில் டிரான்ஸ்மிட் செய்தேன். சத்தமே இல்லை என்றார். சங்கக் கூட்டத்தில் எனக்கு முன்பே அவர்தான் எழுந்து பேசினார்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு தாளில் கணக்கு எழுதிக் கொண்டுபோனேன். 100 வாட் என்பது உச்சம். எஸ்எஸ்பியில் (பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப சக்தி கூடிக் குறையும் ஒலிபரப்பு முறை) பேசும்போது சராசரி சுமார் 20 வாட், அதிலும் பாதி நேரம் நான் கேட்டுக்கொண்டிருப்பேன், ஆக 10 வாட். 10 மீட்டர் தள்ளி, டைபோல் ஒரு திசையில் குவிப்பதையும் சேர்த்து, தரையில் பட்டு வருவது நான்கு மடங்கு ஆக்கும் என்று மோசமாகவே கணக்குப் போட்டாலும் சதுர மீட்டருக்கு 0.05 வாட்தான். ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேச ஆணையம் 2020-ல் பொதுமக்களுக்கு வைத்த வரம்பில் மிகக் கண்டிப்பான இடத்திலேயே சதுர மீட்டருக்கு 2 வாட் வரை அனுமதி உண்டு. அதில் நாற்பதில் ஒரு பங்கு. எக்ஸ்ரே மாதிரி மூலக்கூறுகளை உடைக்கும் ஆற்றல் இந்த அலைகளுக்குக் கிடையாது, அளவு மிகும்போது சூடாக்கும், அந்தச் சூட்டை மனதில் வைத்துத்தான் வரம்பே போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

ஒருவர் போனை நீட்டினார்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில் சேர்த்திருக்கிறதே? உண்மைதான், இதை மறைக்கவே கூடாது. புற்றுநோய் வரச் சாத்தியம் இருக்கலாம், ஆனால் சான்று குறைவு என்கிற பிரிவு அது, முக்கியமாகப் பார்த்தது காதோடு ஒட்டிவைத்துப் பேசும் செல்போன் ஆய்வுகளை. அவர்கள் கேட்காத ஒன்றையும் நானே சொன்னேன்: டிரான்ஸ்மிட் செய்யும்போது ஆண்டெனா முனையைத் தொட்டால் தோல் வெந்துவிடும், அதனால்தான் யார் கைக்கும் எட்டாத உயரத்தில் கட்டியிருக்கிறேன். ஆபத்து எது என்பதை நாமே சொன்னால், ஆபத்து இல்லை என்று சொல்வதையும் நம்புகிறார்கள்.

பெரியவர் விஷயம்தான் கஷ்டம். தலைவலி பொய் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமும் இப்படிப்பட்டவர்களின் உபாதை உண்மையானது என்றுதான் சொல்கிறது, அலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் வைத்துச் செய்த சோதனைகளில் அதற்கும் அலைக்கும் தொடர்பு தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. தலைவலி வரும் நேரத்தை அவரைக் குறித்துவைக்கச் சொன்னேன், பிறகு நான் எப்போது டிரான்ஸ்மிட் செய்தேன் என்று குறித்துவைக்கும் லாக் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து இரண்டு பேரும் பார்த்தோம். டிரான்ஸ்சீவரைத் தொடாத நாட்களிலும் வலி வந்திருந்தது. டாக்டரைப் பார்க்கிறேன் என்றார், ஆனால் முழுதாக நம்பிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ராத்திரியில் மட்டும் பேச வேண்டாமே என்று கேட்டார். அந்த அலைவரிசை ராத்திரியில் பெரும்பாலும் அடங்கிவிடும், எனக்குப் பெரிய நஷ்டமில்லை என்று உள்ளதைச் சொல்லியே ஒத்துக்கொண்டேன்.

சங்கம் ஆண்டெனாவை அனுமதித்தது. சக்தியைக் கூட்டினாலோ கம்பியை மாற்றினாலோ முன்கூட்டியே சொல்ல வேண்டும், யார் வீட்டுச் சாதனத்தில் இடையூறு வந்தாலும் நான் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள், நானும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.